ரோஜா விளக்குத் துறை

நிருபரின் காலுறைகளைக் காணவில்லை.

திருடிக்கொண்டு போகும் அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்த சாம்பல் நிறக் காலுறைகள். ஆனால் அன்றைக்கென்று பார்த்து ஆசிரியர் அவரை அறைக்கு வரச் சொல்லியிருந்தார். திட்டு வாங்கப் போகிறவன் காலுறையாவது ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது நிருபரின் கொள்கை.

கட்டிலுக்கு அடியில் தேடினார். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "தலையைத் துவைக்கும் வசதி என்னிடம் இல்லை" என்றது இயந்திரம். கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்தபோது காலுறைகள் கிடைத்தன. மைத்துனனின் கைகளில் இருந்தன.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க மாமா" என்றான் மைத்துனன். மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, காலுறை மாட்டிய கைகளால் தட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், அது என் சாக்ஸ்டா!"

"வெறுங்கையால தொட்டா இவங்களுக்குப் பிடிக்காது மாமா."

'இவங்க' என்றது கணினியை. கணினிகளை அவன் ஒருபோதும் 'அது', 'இது' என்று சொன்னதில்லை. அந்த மரியாதையில் கால்வாசியை அக்காவின் புருஷனுக்குக் காட்டியிருந்தால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் காலுறையை எடுத்திருப்பான்.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அவனுடைய தொழில், அடுத்தவர் கணினிக்குள் புகுந்து பார்ப்பது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் நிருபரின் மனைவி, "என் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பாள். யாருடைய கம்ப்யூட்டரில் என்று அவளும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

நிருபர் வெறுங்காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு அலுவலகம் போனார்.

பத்திரிகையில் அநேகமாக எல்லாப் பக்கங்களையும் இயந்திரமே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நிருபருக்கு மிஞ்சியிருந்தது சாக்கடை அடைப்பு, குண்டும் குழியுமான சாலை, எரியாத தெருவிளக்கு ஆகியவற்றுக்கான அரைப் பக்கம். அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"உன் அரைப் பக்கத்தையும் இயந்திரத்துக்கே குடுத்திடலாம்னு இருக்கேன்" என்றார் ஆசிரியர்.

"சாக்கடையை மோந்து பாக்க அதுக்கு மூக்கு ஏது சார்?"

"உனக்கு இருக்கே, இத்தனை வருஷத்துல என்ன கிழிச்ச?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது நிருபருக்குப் பழக்கம்தான். ஆனால் வேலை போய்விட்டால், வீட்டில் ஏற்கெனவே வேலையில்லாமல் மேசைக்கு அடியில் ஒருவன் இருக்கும்போது, தனக்கு உட்கார மேசைக்கு மேலேதான் இடம் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும் உண்மையிலேயே பயந்துபோனார். பல நாளாக மனத்துக்குள் வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார்.

"சார், ஒரு பெரிய செய்தி இருக்கு. புதுசா போட்ட தெருவிளக்கெல்லாம் சாதாரண நாள்ல வெள்ளையா எரியுது. ஏதாவது விலை ஏறுற அன்னைக்கு மட்டும் லேசா ரோஸ் கலர்ல எரியுது. அந்த வெளிச்சம் கண்ணுல பட்டா கோபம் போயிடுது. கவர்மென்டே ஜனங்களை சாந்தப்படுத்துது சார்!"

"ஆதாரம்?"

"என் பொண்டாட்டி."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நிருபர் விளக்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவி ஆரம்பித்த எந்தச் சண்டையையும் பாதியில் விட்டதில்லை. எதிலும் ஒரு முழுமை வேண்டும் அவளுக்கு. அப்படிப்பட்டவள், பேருந்துக் கட்டணம் ஏறிய அன்று மாலை பால்கனியில் நின்றபடி நிருபரின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டிக்கொண்டிருந்தவள், அவருடைய தாய்மாமனிடம் வந்து சேர்ந்த இடத்தில் சட்டென்று நின்றாள். தெருவிளக்கைப் பார்த்தாள். "சரி விடுங்க, பாவம் அவரு. காபி குடிக்கிறீங்களா?" என்றாள். அன்றைக்கே கோபமாகக் கட்டுரை எழுத ஜன்னலோரம் உட்கார்ந்தார். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், கடைசி வரியில் அரசுக்கு நன்றி சொல்லியிருந்தார்.

"உன் வீட்டு சமாதானத்தை முதல் பக்கத்துல போட முடியாது" என்றார் ஆசிரியர். "அந்தத் துறையோட உத்தரவு வேணும், கையெழுத்தோட. மாசம் முடியறதுக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா மூக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

அந்தத் துறைக்குப் பெயர் பொது அமைதித் துறை. அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் ஊழியர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும், பேசினாலும் குரலை மாற்றித்தான் பேச வேண்டும். ரகசியம் காப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று அதை உருவாக்கியவர்கள் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

நிருபர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தார்.

"அந்தத் துறைக்குள்ள புகுந்து ஒரு உத்தரவை எடுக்கணும்டா. பூட்டை உடைக்க முடியுமா?"

மைத்துனன் முகம் சுருங்கியது. கணினியின் காதைப் பொத்துவதுபோல் அதன் இரண்டு பக்கமும் காலுறைக் கைகளை வைத்தான். "இவங்க முன்னாடி உடைக்கிறதைப் பத்திப் பேசாதீங்க மாமா. உடைச்சு உள்ள போறது திருடன் வேலை. வேலைக்குச் சேர்ந்து உள்ள போறதுதான் கலை."

"வேலைக்கா?"

"எல்லா கவர்மென்ட் ஆபீஸ்லயும் எப்பவும் காலி இடம் இருக்கும். நிரப்ப யாருக்கும் நேரம் இருக்காது. நாம போய் நிரப்பிடுவோம். யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க?"

கணினியிடம் "மன்னிச்சுக்கங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் வேலையை ஆரம்பித்தான். நிருபர் காபி குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டான்.

"வாழ்த்துகள் மாமா. இனிமே நீங்க பொது அமைதித் துறையில நாற்பத்தேழாம் அலுவலர்."

"சம்பளம் எவ்வளவு?" என்று நிருபர் தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

"அதை மட்டும் கேட்டுடாதீங்க. சம்பளம்னா வங்கிக் கணக்கு கேப்பாங்க. கணக்கு குடுத்தா பேரு தெரியும். பேரு தெரிஞ்சா போலீஸ் வரும்."

பத்திரிகையிலும் சம்பளம் வருவது மழை வருவதுபோலத்தான் என்பதால் நிருபருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

"இந்த மாதிரி வேற யாருக்காவது செஞ்சு குடுத்திருக்கியாடா?"

"என்கிட்ட யார் யார் வர்றாங்கன்னு சொல்ல மாட்டேன். தொழில் தர்மம். ஆனா இந்த முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு. நல்லா ஓடுது." பிறகு ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினான். "சாயங்காலம் வேலை பாக்கும்போது இதைப் போட்டுக்கங்க. இல்லேன்னா கண்டுபிடிக்க வந்ததையே மறந்துட்டு, அவங்களுக்கு வாழ்த்து அனுப்பிட்டு வந்துடுவீங்க."

நிருபர் கறுப்புக் கண்ணாடியோடு கணினி முன் உட்கார்ந்தார். பழைய உத்தரவுகள் இருக்கும் பகுதி திரையில் கண்ணெதிரே இருந்தது. தொட்டார். 'முதலில் இன்றைய வேலையை முடிக்கவும்' என்றது திரை.

இன்றைய வேலை ஒரே ஒரு கேள்விதான். தண்ணீர் வரி உயர்வை எதிர்த்து நகராட்சி வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது. ரோஜா விளக்கு எரியலாமா?

நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை வருடமாகத் தண்ணீர் வரியைப் பற்றி எழுதியவர்! 'கூடாது' என்று தட்டினார். காரணத்தை விளக்கி, மேலதிகாரிகள் மூன்று பேரின் ஒப்புதலோடு, நேரில் ஆஜராகவும் என்று திரை சொன்னது.

"ஐயோ, 'ஆகட்டும்'னு போடுங்க மாமா! யாரும் 'கூடாது'ன்னு போட மாட்டாங்க. சந்தேகம் வந்துடும்."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கேடா."

"அது உள்ளபோய் ஆதாரத்தை எடுக்கிற வரைக்கும் வெளிய காத்திருக்கட்டும்."

நிருபர் 'ஆகட்டும்' என்று தட்டினார். தொலைக்காட்சியில் காட்டினார்கள். நகராட்சி வாசலில் கத்திக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அமைதியானார்கள். பதாகையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அழகாக மடித்தார்கள். ஒருவர் போலீஸ்காரரின் தொப்பியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். நிருபர் தொலைக்காட்சியை அணைத்தார். ஒரே ஒருநாள்தானே, நாளைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மற்ற அலுவலர்கள் வாரக்கணக்கில் யோசிக்கும் விஷயத்தை உடனுக்குடன் முடித்தவர் என்று துறையின் இயக்குநர் பாராட்டியிருந்தார். முதுநிலை அலுவலருக்கு வேலை மூன்று மடங்கு. அதை முடித்தால்தான் பழைய உத்தரவுகள் திறக்கும். முடிப்பதற்குள் அடுத்த நாள் வேலை வந்துவிடும்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. பத்திரிகையில் என்றைக்கும் நேரத்துக்கு எழுதிக் கொடுக்காத மனிதர், அரசாங்கத்துக்கு மூச்சுவிடாமல் உழைத்தார்.

"என்னடா இது, கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா இருக்கு! வேலையைக் குறைக்க ஒரு வழி சொல்லு."

"தப்பா செய்யுங்க மாமா. கீழ இறக்கிடுவாங்க."

நல்ல யோசனையாகப் பட்டது. அன்று சந்தைப் பகுதிக்குப் போக வேண்டிய ரோஜா வெளிச்சத்தை, வேண்டுமென்றே சட்டமன்ற மண்டபத்து விளக்குகளுக்கு அனுப்பினார். அங்கே ஒருவர்மீது ஒருவர் நாற்காலி வீசிக்கொண்டிருந்த உறுப்பினர்கள், வீசிய நாற்காலிகளை எடுத்துவந்து, "நீங்க உக்காருங்க", "இல்ல, நீங்க உக்காருங்க" என்று உபசாரம் செய்துகொண்டார்கள். ஒத்திவைத்திருந்த வரிகள் அத்தனையும் ஒரே மூச்சில், ஒருமனதாக நிறைவேறின. இந்த யோசனை இதுவரை ஏன் யாருக்கும் வரவில்லை என்று வியந்து, இயக்குநர் நாற்பத்தேழாம் அலுவலரை உள்கண்காணிப்புத் தலைவராக ஆக்கினார்.

உள்கண்காணிப்புத் தலைவருக்கு முதல் வேலை உடனே வந்தது. 'நம் துறையைப் பற்றி ஒரு நிருபர் துப்புத் துலக்குவதாகத் தெரிகிறது. அவரைக் கண்காணித்துத் தினமும் அறிக்கை அனுப்பவும்.' கூடவே ஒரு புகைப்படம் இருந்தது. அடையாள அட்டைக்காக எடுத்தது. நிருபர் அதில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர்தான் காரணம். 'விரைவில் வெளிச்சத்துக்கு வருகிறது ஒரு வெளிச்சத்தின் கதை!' என்று முதல் பக்கத்தில் விளம்பரம் போட்டிருந்தார்.

"நானே என்னைக் கண்காணிக்கணுமாடா?"

"எவ்வளவு சௌகரியம்! பஸ் செலவுகூட இல்லை" என்றான் மைத்துனன்.

நிருபர் தன்னைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதினார். எழுந்தார். காலுறையைத் தேடினார். அலுவலகம் போனார். திட்டு வாங்கினார். வந்தார். சாப்பிட்டார். படுத்தார்.

'ஒரு மனிதன் இவ்வளவு சாதாரணமாக இருக்கவே முடியாது' என்று இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. 'பயங்கரமான ஆள். கண்காணிப்பை இரட்டிப்பாக்கவும்.'

"ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் எழுதுங்க மாமா. கெட்ட பழக்கம் உள்ளவன் நாட்டைக் காப்பாத்தக் கிளம்ப மாட்டான்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை."

நிருபர் யோசித்தார். குடிப்பதாக எழுத மனம் வரவில்லை, அவருடைய அப்பாவுக்குப் பிடிக்காது. சூதாட்டத்துக்குக் கையில் காசு வேண்டும். கடைசியில், 'மாலை நேரங்களில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார்' என்று எழுதி அனுப்பினார். அனுப்பியதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வயதில் அப்படி ஒரு நம்பிக்கையை யாராவது தன்மேல் வைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அறிக்கை துறைக்குள் யாரோ ஒரு சுறுசுறுப்பான அலுவலரிடம் போயிருக்க வேண்டும். நிருபரின் மனத்தை வேறு பக்கம் திருப்பக் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்கலாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் நிருபர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கைபேசி இருந்தது. யாரோ ஒரு 'நலம் விரும்பி' குரலை மாற்றிப் பேசியிருந்தார்.

"யாருங்க அவ?"

"எவ?"

"எவன்னு என்னையே கேக்குறீங்களா? சாயங்காலம் சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்கும்போதே நெனச்சேன். வீட்டுக்குள்ள எதுக்குங்க கூலிங் கிளாஸ்? எந்த சூரியன் உங்க கண்ணைக் கூசுது?"

"அது... நான் சொல்றதைக் கேளு. அந்தப் பொண்ணு நெஜம் இல்ல. நான்தான் எழுதினேன்."

"கவிதை வேற எழுதுறீங்களா?"

உண்மையைச் சொன்னால் அரசாங்கத்தில் வேலை பார்ப்பது தெரிந்துவிடும். சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பது தெரிந்தால் அது அந்தப் பெண்ணைவிடப் பெரிய பிரச்சினை ஆகிவிடும். பொய் சொன்னால் அந்தப் பெண் நிஜமாகிவிடுவாள். மனைவி தாய்மாமனைத் தாண்டி, பெரியப்பாவையும் தாண்டி, நிருபர் பார்த்தே இராத பூட்டன்வரை போய்விட்டாள். எதிர்வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். பால்கனிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

நிருபர் மெதுவாக உள்ளே நழுவினார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியைத் திறந்தார். தன் தெருவின் விளக்கைத் தேடினார். விரல் ஒரு கணம் நின்றது.

"வேணாம் மாமா" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அவன் அப்படிச் சொல்வது அதுவே முதல் தடவை.

நிருபர் தட்டினார்.

பால்கனியில் சத்தம் நின்றது. மனைவி திரும்பி வந்தாள். முகத்தில் ரோஜா வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. "சரி விடுங்க" என்றாள் கனிவாக. "பாவம், அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"

நிருபருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ சண்டைகளில் அவளிடம் தோற்றிருக்கிறார். ஒருநாளும் இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அதை அவர் விளக்கை எரியவிட்டுத் திருடிவிட்டார்.

அந்த வெறுப்பில் பாக்கி வேலையெல்லாம் உட்கார்ந்து முடித்தார். திரையில் பழைய உத்தரவுகள் பகுதி ஒருவழியாகத் திறந்தது. புரட்டினார். எந்தெந்தத் தெருவில், எந்தெந்த நாளில், யார் ஆணைப்படி ரோஜா விளக்கு எரிந்தது என்று எல்லாமே இருந்தது. தண்ணீர் வரி, நாற்பத்தேழு. சட்டமன்றம், நாற்பத்தேழு. பால் விலை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு. அதற்கு முந்தியவற்றில் பன்னிரண்டு, முப்பது, அறுபத்தொன்று என்று வேறு எண்கள் இருந்தன. ஆனால் அவர்களில் ஒருவர்கூட இவ்வளவு மும்முரமாக மக்களைச் சாந்தப்படுத்தவில்லை. ஆதாரம் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டான். ஒன்றை வெளியிட்டால் மற்றவன் மாட்டுவான்.

அப்போதும் சும்மா இருந்திருக்கலாம். தன்மேல் இருக்கும் சந்தேகத்தையாவது துடைத்துவிடலாம் என்று இயக்குநருக்குக் கடைசியாக ஓர் அறிக்கை அனுப்பினார். 'அந்த நிருபர் அப்பாவி. ஒன்றும் தெரியாத மனிதர். ரகசியம் கசிந்தால் அது நம் துறைக்கு உள்ளே இருக்கும் ஒரு கறுப்பாட்டால்தான்.'

இயக்குநர் உடனே பதில் அனுப்பினார். 'அப்படியா? வரலாற்றில் முதல்முறையாக எல்லா ஊழியர்களும் நேரில் வரட்டும். நாளைக் காலை. அந்தக் கறுப்பாட்டை உள்கண்காணிப்புத் தலைவராகிய நீங்களே எல்லோர் முன்னாலும் அடையாளம் காட்டுங்கள்.' கீழே முகவரி இருந்தது.

"போகாம இருந்தா என்னடா ஆகும்?"

"வராதவன்தான் ஒற்றன்னு முடிவு பண்ணிடுவாங்க மாமா."

"போனா?"

"போனா நீங்களே சொல்லிடுவீங்க."

மறுநாள்தான் மாதக் கடைசியும். 'நாளைக்கு ஆதாரம், இல்லேன்னா மூக்கு' என்று ஆசிரியரும் செய்தி அனுப்பியிருந்தார். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நிருபர் காலையில் கிளம்பினார். மைத்துனன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, காலுறைகளைக் கையிலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்தான்.

"போட்டுக்கங்க மாமா. ஜெயில்ல தரை சில்லுனு இருக்கும்."

மனைவி வாசல்வரை வந்தாள். ரோஜா வெளிச்சத்தின் மிச்சம் இன்னும் போகவில்லை. "அவளையும் கேட்டதா சொல்லுங்க" என்றாள். நிருபர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

முகவரி, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த நீளமான கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. மூலையில் ஒரு மேசைமேல் தேநீர்க் கொதிகலன் வைத்து, நீலச் சேலை கட்டிய ஓர் அம்மாள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிருபர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். போனவர் திகைத்துப்போனார். கூடம் நிறைய ஆட்கள், அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ரோஜா வெளிச்சத்தின் ரகசியம் தெரிந்த உண்மையான அதிகாரிகள் அல்லவா என்று அவர் கடைசி வரிசைப் பக்கம் நகர்ந்தார்.

எல்லோரும் கடைசி வரிசை நாற்காலிகளுக்கே போட்டி போட்டார்கள். முதல் வரிசையில் ஈ, காக்கை இல்லை. அதிகாரிகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று நிருபர் நினைத்துக்கொண்டார். ஒருவருடைய மீசை வியர்வையில் ஒரு பக்கம் தொங்கியது. பக்கத்து நாற்காலி அம்மாள், யாரும் கேட்காமலே, "நான் இந்த அரசாங்கத்தை உயிரா நேசிக்கிறேன்" என்றாள். "நான் அதைவிட" என்றார் நிருபர். "நானும்தான்!" என்று முன்னால் இருந்தவர் திரும்பிச் சொன்னார். பிஸ்கட் தட்டு வந்தது. இரண்டு வரிசை தாண்டுவதற்குள் காலியானது. சிலர் பைக்குள்ளும் போட்டுக்கொண்டார்கள். பெரிய இடத்து ஆட்கள்தான் கூச்சமே இல்லாமல் இருப்பார்கள் என்று நிருபர் அதையும் மன்னித்தார்.

மேடையில் இயக்குநர் எழுந்தார். அவருடைய கறுப்புக் கண்ணாடி எல்லோருடையதையும்விடப் பெரியது.

"நம் துறை நாட்டுக்கே முன்மாதிரி" என்று ஆரம்பித்தார். "நம் ஊழியர்களில் ஒருவர்கூட இன்றுவரை சம்பளம் கேட்டதில்லை என்று நிதித்துறை வியந்து பாராட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட தியாகிகளுக்கு நடுவே ஓர் ஒற்றன் இருக்கிறான். பத்திரிகைக்காரன்!"

கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது. எவ்வளவு நாட்டுப்பற்று இருந்தால் இப்படி அதிர்வார்கள் என்று நிருபர் நினைத்துக்கொண்டார்.

"நாற்பத்தேழாம் அலுவலர் எழுந்து அவனை அடையாளம் காட்டுவார்."

நிருபர் எழுந்தார். அத்தனை கறுப்புக் கண்ணாடிகளும் அவரையே பார்த்தன. யாரைக் காட்டுவது? விரலை நீட்டினால் ஒரு குற்றமும் செய்யாத அரசு ஊழியரின் வாழ்க்கை போய்விடும். ஏற்கெனவே ஓர் ஊரையும் கட்டிய மனைவியையும் ஏமாற்றியாகிவிட்டது. இனி ஒருவரையும் பலிகொடுக்க முடியாது. நானேதான் என்று சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தார். வாயில் வந்தது வேறு.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டு சொல்றேன்" என்றார்.

இயக்குநர் ஏனோ அவசரமாக, "தாராளமா, தாராளமா. மெதுவா குடிங்க" என்றார்.

நிருபர் மூலைக்குப் போனார். நீலச் சேலை அம்மாள் கோப்பையை நீட்டினார். வாங்கிய கை நடுங்கியதில் தேநீர் தட்டில் கொட்டியது. அந்த அம்மாள் தட்டைத் துடைத்து, கோப்பையை மறுபடி நிரப்பினார். அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பயப்படாம குடிங்க தம்பி. இந்த ஆபீஸ்ல நெஜமா கவர்மென்ட் சம்பளம் வாங்குற ஆளு நான் ஒருத்திதான்; மேடையில நிக்கிறவரு மாலைப் பத்திரிகை, நீங்க எந்தப் பத்திரிகை?"